பந்து புறப்பட்ட கை

போன வாரம், முன்பு என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் எடுக்கிறாள். “அக்கா, எங்க டாகுமெண்டரில டைவர்சிட்டி பத்தாதுன்னு சேனல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லா இனமும் தெரியணுமாம். ரெண்டு மூணு முகத்த எடுத்து நடுவுல சொருகிடலாமா?” என்றாள்.

சொருகுவதாம்! எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. “நீ நாளைக்கு வீட்டுக்கு வா, ஒன்ன நேர்ல வச்சுத்தான் திட்டணும்” என்றேன். வந்தாள். திட்டினேன். பிறகு தோசை சுட்டுப் போட்டு, பாக்கியத்தின் கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். சரி, எழுதிவிடுகிறேன். சொல்லும்போதே கை துறுதுறுக்கிறது.

என் பெயர் தேவகி. படத்தொகுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கோலாலம்பூரில் ஒரு சின்னப் படக் கம்பெனியில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். என் டைப்பிங்கைப் பார்த்து முதலாளி நொந்து போயிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் படச்சுருள் ஒட்டுகிறவர் வேலையை விட்டுப் போனார். என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட இடத்திலேயே நான் வேர் பிடித்துவிட்டேன். எண்பதுகளின் நடுவில் அந்த அறை முழுக்க என் ராஜ்யம்.

அந்தக் காலத்தில் படம் என்றால் கையில் பிடிக்கிற பொருள். மேசைமேல் சுருளை ஓட்டுவோம். சின்னக் கண்ணாடித் திரையில் படம் ஓடும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, ஒளி ஊடுருவும் டேப்பால் ஒட்டுவோம். கையில் வெள்ளைப் பருத்தி உறை போட்டே தீர வேண்டும், விரல் ரேகை பட்டால் போச்சு. வெட்டியதில் வேண்டாத துண்டுகளைத் தூக்கி எறிய மாட்டோம். மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிப்பை பொருத்திய பெரிய தொட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் வரிசையாக முளைகள். துண்டின் நுனியை முளையில் மாட்டினால் மீதி பைக்குள் தொங்கும். அதற்கு ட்ரிம் பின் என்று பெயர். துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும்.

என் மேலாளர் டைரக்டர் என்சிக் காமில்; என்சிக் என்றால் மலாயில் ‘திரு’ மாதிரி. சத்தம் போடவே தெரியாத மனிதர். சிகரெட்டை விடுவதற்காக எப்போதும் சட்டைப் பையில் சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காய் வைத்திருப்பார். உட்கார்ந்து படம் பார்க்க மாட்டார், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பார்ப்பார். முதல் தடவை ஒலியே இல்லாமல் ஓட்டச் சொல்வார். “காது பொய் சொல்லும், முதல்ல கண்ணு பாக்கட்டும்” என்பார். வெட்டு பிடிக்கவில்லை என்றால் அவருக்கு ஒரு பழக்கம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, என் கையுறை ஒன்றை எடுத்து மெதுவாகத் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நான் டேப்பைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவேன். அவர் பேசியதெல்லாம் மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

விளையாட்டுப் படத்துக்கு அவரிடம் ஒரு விதி உண்டு. “போலா டூலு.” முதலில் பந்து. பந்து எவன் கைக்கு வருகிறதோ அங்கிருந்து காட்சி ஆரம்பம், கூடையில் விழுந்ததும் முடிவு. அதற்கு முன்னால் உள்ளது எல்லாம் தொட்டிக்குப் போகும். படம் சும்மா பறக்கும். நல்ல விதிதான், நானும் அதை வேதமாக வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்காக அரை மணிப் படம் வந்தது. அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து வரலாறு. அங்கே ஒரு விரிவுரையாளர் பல வருடம் தன் கேமராவில் ஆட்டங்களை எடுத்து வைத்திருந்தார். டின் டின்னாகச் சுருள்கள் வந்து இறங்கின. மூடியைத் திறந்தால் வினிகர் மாதிரிப் புளிக்காடி வாசனை. அதற்கெல்லாம் நகல் போட்டு, நகலைத்தான் வெட்டினோம். ஒலி கிடையாது, படம் மட்டும். அதில் கொடி கட்டிப் பறந்தவள் சியூ லான் என்ற சீனப் பெண். நல்ல உயரம். தொட்டதெல்லாம் கூடை!

வெட்டி ஒட்டிய வரலாற்றை முழுக்க ஓட்டிப் பார்த்தால், ஆடுகிறவர்கள் சீனர்கள். பயிற்சி கொடுத்தவர் ஒரு மலாய்க்காரர். நம்மவர் ஒரே ஒருவர், ஆட்டத்துக்கு முன்னால் சுண்ணாம்பில் கோடு போடுகிறார். அதோடு முடிந்தது. படத்துக்குப் பொறுப்பான கல்லூரிக் குழு அதற்கும் ஒரு வழி பண்ணி வைத்திருந்தது. கடைசிக் காட்சியில் ஒரு மலாய் மாணவர், ஒரு சீன மாணவர், ஒரு இந்திய மாணவர் மூவரும் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அந்த இந்தியப் பையன் ஹாக்கி ஆடுகிறவன்! தர்பூசணியை வாங்கிவந்தவன் மாதிரி பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சியூ லானைப் பேட்டி எடுக்க சபாக் என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஒரு சீனப் பள்ளியில் அவர் ஆசிரியை. கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, அதனால் ஒலிப்பதிவுக்கும் நானே மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். காமில் கேள்வி கேட்டார். சியூ லான் மலாயில் நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாரே பார்க்கலாம்!

“நீ தமிழா? நம்ம பாக்கியத்த தெரியுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டத்து ஆட்கள் எல்லாம் அங்கேதான் சாமான் வாங்குவார்கள். கல்லாவில் உட்கார்ந்து பழகிய தமிழ்.

“எந்தப் பாக்கியம்?” என்றேன்.

“என்னா நீ, படம் எடுக்க வந்திட்டு அவள தெரியாதா? கடைக்குப் பின்னாடி நாங்க ரெண்டு பேரும்தான் பந்து போட்டுப் பழகுனோம். ஒரே ஸ்கூல், ஒரே காலேஜ். எனக்குப் பந்து எல்லாம் குடுத்தது அவதான். அவ இல்லன்னா நான் சும்மா மரம் மாதிரி நிப்பேன். அவ படத்துல இருக்காளா?”

“இல்லீங்க.”

“அப்ப நானும் இல்ல லா.” மைக்கை ஒரு கையால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

காமிலுக்குத் தமிழ் தெரியாது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது, கதாநாயகி எழுந்து போகிறார்! நான் மொழிபெயர்த்ததும் காமில் ஒரு துண்டு ஜாதிக்காயை வாயில் போட்டு மென்றார். “அந்தம்மா எங்க இருக்காங்கன்னு கேளு” என்றார். சியூ லான் திரும்பி நின்று சொன்னார். பாக்கியம் இப்போது பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். அன்றைக்கே வேனைத் திருப்பினோம். கோலசிலாங்கூரைத் தாண்டி உள்ளே திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனை. செம்மண் தூசி எழும்ப எழும்ப, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன், நான் பிறந்த லயம் இந்தப் பக்கம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வட்டமாக நின்று பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். நிறமெல்லாம் தேய்ந்து மொட்டையான பந்து. நடுவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு குட்டையான பெண்மணி. அவர்தான் பாக்கியம். வந்த விஷயத்தை, மூவர் சிரிக்கிற அந்தக் கடைசிக் காட்சி உட்படச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

“இவ்ளோ நாள் எங்க போனீங்க? காலேஜ்ல எல்லாருக்கும் காயிதம் போட்டு கூப்பிட்டாங்களாம். எனக்கு ஒரு வார்த்த இல்ல.”

காமில் கேமராவை இறக்கச் சொன்னார். “ஒரு பேட்டி எடுத்துப் படத்தில் சேர்த்துவிடலாம்” என்றார். பாக்கியம் கையை விரித்துத் தடுத்தார்.

“வேணாம் தங்கச்சி. நான் உக்காந்து பேசுனா யாரு நம்புவா? அந்தச் சிரிக்கிற ஆளுங்களோட என்னையும் நிப்பாட்டிடாதீங்க. நான் ஆடுனத காட்டுங்க.”

அப்போதுதான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்து மண்டோர் குப்புசாமி, வேலைக்காரர்களை மேய்க்கிறவர். அவர் மகள் வசந்தி அந்த வட்டத்தில் நின்றாள். நல்ல கை அவளுக்கு, வந்த உடனே நான் கவனித்துவிட்டேன்.

“ஏறு வண்டில” என்று மகளை அதட்டிவிட்டு, பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது சீனவங்க ஆட்டம். நம்ம புள்ளைங்களுக்கு என்னாத்துக்கு?”

“நானே ஆடியிருக்கேன் மண்டோரண்ணே. காலேஜுக்கே ஆடியிருக்கேன்.”

“நீங்க சொல்றீங்க. யாரு பாத்தா?” மரியாதையாகத்தான் கேட்டார். கேலி இல்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று குத்தியது.

அவர் போனபிறகு பாக்கியம் விவரத்தைச் சொன்னார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. அப்பாமார் சம்மதிக்காமல் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. லயத்தில் மண்டோர் சரி என்றால் எல்லோரும் சரி. அவர் இல்லை என்றால் ஒருத்தியும் வர மாட்டாள். “இந்தப் புள்ளைங்க ஆடுறதுக்குப் பொறந்ததுங்க தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே அந்த மொட்டைப் பந்தை எடுத்து மண்ணைத் துடைத்தார். நான் ஒன்றும் யோசிக்காமல், “உங்கள நான் கண்டுபிடிக்கிறேங்க்கா” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று. எங்கே கண்டுபிடிப்பது? மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்து எங்கள் படத்தை ஓட்டினேன். சியூ லான் கூடை போடுகிறார். மறுபடி போடுகிறார். பந்து எங்கிருந்தோ வானத்திலிருந்து விழுகிற மாதிரி அவர் கைக்கு வருகிறது. எந்தக் கையிலிருந்து வந்தது? காட்சியிலேயே இல்லை. ஏன் இல்லை? போலா டூலு! பந்து வந்தபிறகுதானே நாங்கள் காட்சியை ஆரம்பிக்கிறோம்! வெட்டும்போதும் சியூ லானையும் கூடையையும் தவிர என் கண் எதையும் பார்க்கவில்லை.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். என் இடது பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறதே, தொட்டி! ஒவ்வொரு கூடைக்கும் முன்னால் வெட்டி மாட்டிய துண்டு அந்தத் துணிப்பைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு துண்டை உருவி, அதற்குரிய கூடையின் முன்னால் ஒட்டி, மேசையில் ஓட்டினேன்.

ஒரு குட்டைப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். நீளப் பின்னலைச் சட்டைக் காலருக்குள் திணித்திருக்கிறாள். சட்டென்று முகத்தை இடது பக்கம், நேராகக் கேமராவைப் பார்த்துத் திருப்புகிறாள். எதிராளிகள் எல்லோரும் அவள் பார்க்கிற பக்கம் பாய்கிறார்கள். பந்து வலது பக்கம் போகிறது! சியூ லான் கைக்கு! கூடை!

“அடி பாவி!” என்று கத்திவிட்டேன். அடுத்த துண்டு. அதே பெண், அதே திருட்டுப் பார்வை, அதே முகம் நேராக என்னைப் பார்க்கிறது. அடுத்தது. அதிலும் அவள்! ஆடுகளத்தில் அத்தனை பேர் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும்போது, இவள் முகம் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. ஆளை ஏமாற்றுவதற்காக அவள் திரும்பிய பக்கத்தில்தான் அந்த விரிவுரையாளர் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறார். அவசரத்தில் டேப் கோணலாக ஒட்டியது, பிய்த்து மறுபடி ஒட்டினேன். சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை.

காமில் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். படத்தை ஓட்டினேன். பாக்கியம், சியூ லான், கூடை. பாக்கியம், சியூ லான், கூடை. ஓடி முடிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் கையுறையை எடுத்தார். செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் துடைத்தது கண்ணாடியை இல்லை, கண்ணை.

“ஆலாமாக், அடக் கடவுளே,” என்றார். “படமே இந்தப் பொண்ணுதான். நாம அவள வெட்டித் தொங்கவிட்டிருக்கோம். எல்லாத்தையும் சேர்த்துடு.”

“விதி என்னாவுறது என்சிக்?”

“விதி கெடக்கு. சியூ லான இங்க வரச் சொல்லு. அவங்க இத பாக்கும்போது என்ன சொல்றாங்களோ, அதையே பதிவு பண்ணு. அதுதான் வர்ணனை.” இந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேதான் காமில் காமில்.

சியூ லான் வந்தார். மைக்கை முன்னால் வைத்துப் படத்தை ஓட்டினேன். மேசையைத் தட்டித் தட்டி மலாயில் கத்தினார்: “இத்து டியா! டெங்கோக், இத்து டியா!” அதோ அவள், பார், அதோ அவள்! நடுநடுவே தமிழில், “திருடி, திருடி, அங்க பாத்து இங்க போடுவா!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழுதார். நான் மைக்கைத் தள்ளி வைக்கவில்லை, அந்த அழுகையும் படத்தில் வந்தது.

ஒரு சிக்கல் பாக்கி. துண்டுகளைச் சேர்த்ததில் படம் நீண்டுவிட்டது. அரை மணிக்கு மேல் கல்லூரி ஒத்துக்கொள்ளாது. எதை எடுப்பது? காமில் சிரிக்காமல் சொன்னார்: “தர்பூசணியத் தூக்கு.” அந்த மூவர் காட்சிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது.

கல்லூரிக் குழுவுக்குப் போட்டுக் காட்டினோம். குழுத் தலைவர் நல்ல மனிதர். ஆனால் விளக்கு எரிந்ததும் முதல் கேள்வி அதுதான். “எல்லா இனமும் ஒண்ணா நிக்கிற காட்சி எங்க? இந்தியர் ஒருத்தர் இருந்தாரே?”

“அவரு ஹாக்கி ஆடுறவர், சார். கூடைப்பந்து ஆடுன இந்தியப் பெண்ணப் படம் முழுக்கக் காட்டியிருக்கோம்” என்றேன்.

தலைவர் யோசித்தார். “அது சரி. ஆனா அந்தப் பொண்ணு ஒரு எடத்துலகூட சிரிக்கலையே?”

“அவங்களுக்கு வேல இருந்துச்சு சார்” என்றார் காமில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது தலைவரும் சிரித்துக்கொண்டிருந்தார். படம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது.

ஒரு பிரதியையும் புரொஜெக்டரையும் காமில் எனக்குக் கடன் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாக்கியத்தின் பள்ளிக்கூடத்தில் காட்டினோம். ஜன்னல்களில் உரச் சாக்குகளை ஆணி அடித்து மாட்டி இருட்டாக்கினோம். வெள்ளை வேட்டிதான் திரை. பெஞ்சு பத்தாமல் பாதிப் பேர் தரையில். மண்டோர் குப்புசாமி முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கியம் எனக்குப் பக்கத்தில் புரொஜெக்டரை ஒட்டி நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை ஜில்லென்று இருந்தது.

முதலில் கட்டடம், பேச்சு, பரிசுக் கோப்பைகள். பிள்ளைகள் நெளிந்தார்கள். பிறகு அந்தக் குட்டைப் பெண் பின்னலைக் காலருக்குள் திணித்துக்கொண்டு திரையில் வந்தாள். “இத்து டியா!” என்று சியூ லானின் குரல். ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பிள்ளை வீறிட்டது: “டீச்சர்! அது நம்ம டீச்சர்!” அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். ஒவ்வொரு தடவை அவள் இடது பக்கம் திரும்பும்போதும் கூட்டமே இடது பக்கம் திரும்பியது. பந்து வலது பக்கம் போனதும் “ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த தடவையும் ஏமாந்தார்கள்!

கடைசி ஆட்டம் வந்தது. பாக்கியம் பந்தோடு கூடைக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டாள். முன் பெஞ்சில் மண்டோர் எழுந்து நின்றுவிட்டார். அவர் தலையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. திரையைப் பார்த்து, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, அந்த மனிதர் கத்தினார்:

“டீச்சர்! குடுத்துடாதீங்க டீச்சர்! நீங்களே போடுங்க!”

என் பக்கத்திலிருந்து பாக்கியம், ஆட்டத்தில் நிற்கிறவர் மாதிரியே கத்தினார்: “அவளுக்குக் குடுத்தாதான் உள்ள போவும் மண்டோரண்ணே! நீங்க உக்காருங்க, பந்து தெரியல!”

உள்ளே போனது. சியூ லான் துள்ளுகிறார், கூட்டம் துள்ளுகிறது, நானும் துள்ளினேன், புரொஜெக்டர் ஆடியதில் படமே துள்ளியது.

படம் முடிந்து சாக்குகளைக் கழற்றினோம். வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாக்கியத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மண்டோர் மெதுவாக நடந்து வந்தார். கூட்டத்தில் மகளைத் தேடிப் பார்த்தார். பிறகு, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே கறாரான குரலில் கேட்டார்:

“எம்பொண்ணு இதுல எந்த எடத்துல நிப்பா?”

பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். வசந்திதான் கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“டீச்சர் நின்ன எடத்துலதான்பா!”